காது இரைச்சலுக்கு வந்தவரும் அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையும்

1. நாலாம் நாள்

மலாக்காவில் வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள், நன்றாகக் காது கேட்கிற ஒரு மனிதரைச் செவிடர் என்று எழுதி அவருடைய கம்பெனிக்கே அனுப்பிவைத்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் எழுதுவதால், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷ அனுபவத்தில் பெரியவனாகிவிட முடியாது. ஆனால் ஒரு தப்பை முழுசாகச் செய்து, முழுசாகத் திருத்தியவன் என்கிற முறையில் எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம் அது. டவுனில் ஒரு தனியார் கிளினிக். பஸ் கம்பெனி, ரப்பர் கிடங்கு, ஐஸ் பேக்டரி என்று பல இடங்களிலிருந்து ஆட்களை அங்கே அனுப்புவார்கள். எனக்கு கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, கூடவே மொழிபெயர்ப்பு. எங்கள் அப்பா சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அதனால் பேனாவைக் கொஞ்சம் பலமாகவே பிடித்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் டிரெஸ்ஸர் செல்லையா. யாழ்ப்பாணத்துக்காரர். கட்டுப் போடுவது, ஊசி போடுவது, பல் பிடுங்குவது எல்லாம் அவர்தான். முதல் நாளே வேலையை விளக்கிவிட்டார்.

"தம்பி, மாசத்தில முதல் வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில இருந்து காது டாக்டர் வருவார். வெள்ளைக்காரன். ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம்தான். அதுக்குள்ள எங்கட சனம் ஊர்க் கதை, மருமகள் கதை எல்லாம் சொல்லி முடிக்காது. ஆனபடியால் முன்கூட்டியே ஆட்களைக் கூப்பிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டு, அட்டையில எழுதி வைக்கவேணும். நான் ஊசி போடுறதோ, கதை கேட்கிறதோ? அதுக்குத்தான் நீர்."

டாக்டரே அச்சடித்துக் கொடுத்த கேள்விகள் அந்த அட்டையில் இருந்தன. எந்தக் காது? எப்போதிலிருந்து? கேட்கிறதா? சத்தம் இருக்கிறதா? இருந்தால் எப்படிப்பட்ட சத்தம்? தொடர்ந்து வருகிறதா, நாடி அடிக்கிற மாதிரி விட்டுவிட்டு வருகிறதா? தலை சுற்றுகிறதா? சீழ் வடிகிறதா? என்ன மருந்து சாப்பிடுகிறார்? கம்பெனி அனுப்பிய ஆளாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. இன்ன தொந்தரவு என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி அன்றைக்கே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.

அன்றைக்கு வந்தவர் ஒரு பஸ் டிரைவர். ஐம்பதை நெருங்கிய வயசு, காக்கிச் சட்டை, நெற்றியில் திருநீறு, அதன் நடுவில் சந்தனப் பொட்டு. கம்பெனிக் கடிதத்தில் பெயர் மாணிக்கம் பிள்ளை, காதில் ஏதோ தொந்தரவு என்று எழுதியிருந்தது. தமிழ் ஆள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். எழுந்து நின்றேன்.

"வாருங்கள் ஐயா. அமருங்கள். தங்களுக்குக் காதில் என்ன உபாதை?"

அவர் சிரித்தார். கொஞ்சம் உரக்கக் கேட்டேன். காதைத் தொட்டுக் காட்டினார்.

"காது கேட்கவில்லையா?"

"ஆமா."

"இரண்டு காதுமா?"

"ஆமா."

"சீழ் வடிகிறதா?"

"ஆமா."

"எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?"

"ஆமா."

இந்த இடத்தில் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. கேள்வியே சரியாகக் காதில் விழவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? குரலை இன்னும் ஏற்றி, கையை ஆட்டி, மீதிக் கேள்விகளையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அதே சிரிப்பு, அதே ஆமா. பரம்பரையில் செவிடு உண்டா, ஆமா. தலை சுற்றுகிறதா, ஆமா. அட்டையில் அழகான இங்கிலீஷ் கையெழுத்தில் 'இரு காதும் செவிடு' என்று எழுதினேன். துண்டுச்சீட்டிலும் அதையே எழுதி, கீழே என் இனிஷியலைப் போட்டேன். டிரெஸ்ஸர் ஊசி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

2. பத்தடி தூரத்தில் விழுந்த வார்த்தை

இரண்டு நாள் கழித்து அவர் திரும்ப வந்தார். கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அட்டெண்டர் ஹமீது. குரலைத் தாழ்த்தி அவரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: "அந்தப் பெக்காக் வந்திருக்கார், பார்."

பெக்காக் என்றால் செவிடு.

பெஞ்சுக்கும் எங்களுக்கும் பத்தடி தூரம் இருக்கும். மேலே மின்விசிறி வேறு கடகடத்துக்கொண்டிருந்தது. மனிதர் துள்ளி எழுந்தார்.

"சியாப்பா பெக்காக்? சாயா டெங்கார்! செமுவா டெங்கார்!"

யாருடா செவிடு, எனக்குக் கேட்கிறது, எல்லாம் கேட்கிறது என்று மலாயில் கத்துகிறார். என்ன நடந்தது என்பதையும் அந்தக் கத்தலிலேயே சொல்லிவிட்டார். என் துண்டுச்சீட்டைப் பார்த்ததும் மானேஜர் அவரை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார். கிளேபாங் வழியாகப் புக்கிட் ரம்பாய் போகிற பஸ் அது. பதினோரு வருஷமாக அவர் ஓட்டிய தடம். இப்போது யார்டில் பஸ் கழுவ விட்டிருக்கிறார்கள். காது டாக்டரின் கடிதம் கொண்டுவந்தால்தான் திரும்ப ஸ்டியரிங். வரவில்லை என்றால் பஸ் வேறு ஆளுக்கு.

சத்தம் கேட்டு டிரெஸ்ஸர் வந்தார். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த மனுசனோட நீர் என்ன பாஷையில கதைச்சனீர்?"

"தமிழ்லதான் ஐயா. பிள்ளைன்னு போட்டிருந்துச்சு. திருநீறு வேற..."

"அட கடவுளே! இவர் மலாக்கா செட்டி. காஜா பேராங் ஆள். சாமி உம்முடைய சாமி, பேர் உம்முடைய பேர். ஆனால் வீட்டில கதைக்கிறது மலாய். எத்தனையோ தலைமுறையா அப்படித்தான். நீர் எங்க குடியிருக்கிறீர்?"

"காஜா பேராங்லதான் ஐயா. போன வாரம்தான் அறை எடுத்தேன்."

"நல்லது! ஊர் முழுக்கச் செட்டிமார். அதுக்குள்ள குடியிருந்துகொண்டு, தமிழ் தெரியாத மனுசனைச் செவிடன் எண்டு எழுதி வச்சிருக்கிறீர்."

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. பிள்ளையிடம் மலாயில் கேட்டேன், தமிழ் தெரியாதென்றால் ஏன் எல்லாவற்றுக்கும் ஆமா சொன்னீர்கள் என்று. அவர் சொன்ன பதிலை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்.

"தமிழ் ஆளுங்ககிட்ட தமிழ் தெரியாதுன்னு சொன்னா திட்டுவாங்க தம்பி. கோயிலுக்குப் போறே, பட்டை போடுறே, தமிழ் பேசத் தெரியலையா, வெக்கமா இல்லையான்னு. பஸ்ல தினம் வாங்கிக் கட்டிக்கிறேன். ஆமான்னு சொல்லிட்டா சந்தோஷமா இறங்கிப் போயிடுவாங்க. உன்னைப் பார்த்ததும் நெனைச்சேன், இது ரொம்பத் திட்டுற ஜாதின்னு."

ஹமீது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"ஐயா, அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிட முடியாதா?" என்று டிரெஸ்ஸரைக் கேட்டேன்.

"என்னெண்டு வாங்கிறது? முந்தாநாள் செவிடு எண்டு எழுதிப்போட்டு, இண்டைக்குக் கேட்குது எண்டு எழுதினால் எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்துக் கழுவ விடுவாங்கள். காது டாக்டர் பார்த்து எழுதினாத்தான் உண்டு. பன்னிரண்டு நாள் கிடக்கு. அதுக்குள்ள இந்த மனுசனுக்கு உண்மையில என்ன தொந்தரவு எண்டு ஒழுங்காக் கேட்டு எழுதும்."

உண்மையில் ஒரு தொந்தரவு இருக்கத்தான் செய்தது. காது கேட்கிறது, ஆனால் உள்ளே ஓயாமல் ஒரு சத்தம். பஸ்ஸில் அடிக்கடி தலையை உதறிக்கொள்வதைப் பார்த்துத்தான் மானேஜர் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறார். வெறுமனே 'செவிடு இல்லை' என்று அடித்து எழுதுவதால் காரியம் ஆகாது. சத்தம் என்ன, எங்கிருந்து என்று டாக்டருக்கு அஞ்சு நிமிஷத்தில் புரிய வேண்டும். ஒரு புது அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

3. மகிழ்ச்சியான சத்தம்

அவர் வீடு என் அறைக்கு இரண்டு சந்து தள்ளித்தான் இருந்தது. அன்று சாயங்காலம் வேலை முடிந்து போனேன். அவர் மனைவி லெட்சுமி கதவைத் திறந்தார். மலாய்ப் பெண்கள் உடுத்துகிற சாரோங், கெபாயா, நெற்றியில் குங்குமம். இப்படி ஒரு சேர்க்கையை நான் அதுவரை கண்டதில்லை. உள்ளே பார்த்து மலாயில் குரல் கொடுத்தார்: "உங்களைச் செவிடாக்கின பிள்ளை வந்திருக்கு. காப்பி போடவா, விளக்குமாறு எடுக்கவா?"

காப்பிதான் வந்தது.

அட்டையை மடியில் வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். என் மலாய் தோட்டத்துக் கடையில் பழகிய மலாய். அவர்களுடையது வேறு மாதிரி, நடுவில் திடீரென்று ஒரு தமிழ்ச் சொல் தலையைக் காட்டிவிட்டு மறையும். பையில் ஒரு சின்ன மலாய் அகராதி வைத்திருந்தேன்.

"சத்தம் எப்படி இருக்கு?"

"ரியாங்-ரியாங் மாதிரி."

அகராதியைப் புரட்டினேன். ரியாங் என்றால் மகிழ்ச்சி, குதூகலம் என்று போட்டிருந்தது. 'மகிழ்ச்சியான சத்தம்' என்று எழுதப் போனேன். பேனாவை அட்டையில் வைத்த பிறகுதான், மகிழ்ச்சியான சத்தத்துக்கு ஒரு ஆள் ஏன் தலையை உதற வேண்டும் என்று தோன்றியது. முந்தின அட்டை ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்துவிட்டேன்.

"ரியாங்-ரியாங்னா என்ன? எனக்குத் தெரியல."

தெரியவில்லை என்று ஆள் முன்னால் ஒப்புக்கொண்டது இந்த வேலையில் அதுதான் முதல் தடவை. லெட்சுமி அக்கா கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். ரம்புத்தான் மரத்திலிருந்து 'ஙீ' என்று இழுத்துக்கொண்டிருந்தது ஒரு பூச்சி. எங்கள் சில்வண்டு! ஒரு தடவை சொன்னால் குதூகலம், இரண்டு தடவை சொன்னால் சில்வண்டு. 'சில்வண்டு போன்ற மெல்லிய கூர்மையான ஒலி' என்று எழுதினேன்.

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டு வருகிறதா, ஒரே இழுப்பா? அவர் கண்ணை மூடிக் கேட்டார். நான் அவர் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, நாடி அடிக்கிறபோதெல்லாம் மேசையைத் தட்டினேன். சத்தம் இந்தத் தட்டோடு சேர்ந்து வருகிறதா என்று கேட்டேன். இல்லை, ஒரே கோடாகப் போகிறது என்றார். இரண்டு காதிலும் உண்டு, இடதில் கொஞ்சம் அதிகம். பஸ் ஓடும்போது தெரிவதில்லை. கடைசி ஸ்டாப்பில் இன்ஜினை அணைத்ததும் 'குபீர்' என்று ஏறுகிறது. தலை சுற்றல் இல்லை. சீழ் இல்லவே இல்லை.

"எனக்கும் கேக்குமா?" என்று லெட்சுமி அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நானும் பொத்திப் பார்த்தேன். தூரத்துக் கடல் மாதிரி ஒரு உறுமல் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது. மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தா, மூணுக்கும் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிடுவா" என்றார் அக்கா. "காது பாடினா யாரோ நம்மைப் பத்திப் பேசறாங்கன்னு எங்கள்ல சொல்வாங்க. அதனாலதான் நானும் முதல்ல சும்மா விட்டேன். அப்புறம் யோசிச்சேன். இத்தனை நாளா இந்த ஆளைப் பத்தி யாரு ஓயாமப் பேசப் போறா? மந்திரியைக்கூட அவ்வளவு பேச மாட்டாங்க."

எப்போது ஆரம்பித்தது என்ற கேள்விக்கு அவர்கள் தேதி சொல்லவில்லை. "பார்ச்சு முடிஞ்சு" என்றார் பிள்ளை. பார்ச்சு என்பது முன்னோருக்கு அவர்கள் படைக்கிற படையல். வருஷத்தில் இரண்டு தடவை வரும், பொங்கலுக்கு முந்தி ஒன்று, பழக்காலத்தில் ஒன்று. இவர் சொன்னது பழக்காலத்துப் பார்ச்சு. நம்முடைய 'படைச்சு'தான் அப்படித் தேய்ந்திருக்குமோ என்று எனக்கு ஒரு யோசனை, நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லிலிருந்து மாசத்தைப் பிடித்துவிட்டேன். ஏறக்குறைய நாலு மாசம்.

4. அது மருந்து இல்லை

கடைசிக் கேள்வி, மருந்து. மலாயில் ஊபாட்.

"ஊபாட் ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லை."

'மருந்து எதுவும் இல்லை' என்று எழுதிப் பேனா மூடியைப் போட்டேன். காப்பி டம்ளரை எடுத்து வைக்க வந்த அக்கா, மேசை மேல் கிடந்த பழைய பிஸ்கட் டின்னைத் தள்ளிவைத்தார். உள்ளே காகிதம் சலசலத்தது.

"இதுல என்னக்கா?"

"அதுவா? அவரோட செர்புக்." செர்புக் என்றால் தூள்.

திறந்தால், மடித்த பொட்டலங்கள். கடையில் விற்கிற தலைவலித் தூள்.

"மருந்து இல்லைன்னு சொன்னீங்களே!"

"அது மருந்து இல்லையே" என்றார் பிள்ளை, என்னை ஒரு மாதிரி பார்த்து. "தூள். மருந்துன்னா டாக்டர் கொடுக்கிறது. இது கடையில, சீனி வாங்கிற இடத்துல கிடைக்கும்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டா!" என்றார் அக்கா. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "எழுந்ததும் காப்பியில ரெண்டு. பஸ் எடுக்கிறப்ப ஒண்ணு. புக்கிட் ரம்பாய்ல நிப்பாட்டி ஒண்ணு. மத்தியானம் ரெண்டு. வந்ததும் ரெண்டு. படுக்கிறப்ப ரெண்டு. சொல்லட்டுமா இன்னும்?"

தலைவலிக்கா என்றால், அதுவும் இல்லை. பல்வலிக்கு. பழக்காலத்துப் பார்ச்சு அன்று அவித்த பலாக்கொட்டை என்று நினைத்துக் கல்லைக் கடித்துக் கடைவாய்ப்பல் பிளந்துவிட்டது. அதைப் பிடுங்கப் பயம், அதனால் தூள்.

"பெரிய பஸ்ஸையே திருப்புவார். ஒரு சின்னப் பல்லுக்கு ஓடுவார்" என்றார் அக்கா.

பல் போனது பார்ச்சு அன்று. தூள் மறுநாள் ஆரம்பம். சத்தம் எப்போது? இரண்டு பேரும் வாதாடி, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்: ஒரு வாரம், பத்து நாள் கழித்து. ஒரு பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் டிரெஸ்ஸரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆஸ்பிரின். இதைச் சாப்பிடாத ஆள் ஆர் தம்பி? நானும்தான் சாப்பிடுறன். எனக்குக் காதிலே மணியோ அடிக்குது?"

"ஒரு நாளைக்குப் பத்து சாப்பிடுறீங்களா ஐயா?"

அவர் பொட்டலத்தை மறுபடி திருப்பிப் பார்த்தார். ஆனால் 'காரணம்: தூள்' என்று நான் அட்டையில் எழுதப் போனதும் கையைப் பிடித்துவிட்டார்.

"நீர் டாக்டரோ? முதல் தரம் நீராகவே முடிவு கட்டினீர், அதின்ர கதி தெரியும்தானே. அந்த மனுசன் சொன்னதை மட்டும் எழுதும்."

கோபம் வந்தது. ஆனால் அதில் நியாயம் இருந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரி எழுதினேன். 'கடைத் தூள், ஒரு நாளைக்குப் பத்து, நாலு மாசமாக. சத்தம், தூள் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில்.' அவ்வளவுதான். நடுவில் கோடுகூடப் போடவில்லை.

5. முதல் வெள்ளிக்கிழமை

டாக்டர் நெடிய மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொள்வார். அட்டையை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். அந்த இரண்டு வரியில் விரல் நின்றது. மேலே பார்த்தார்.

"இதைக் கேட்டது யார்?"

"நான்தான் சார்."

தூளைக் காட்டச் சொன்னார். பிள்ளை காக்கிச் சட்டைப் பையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்தார். கிளினிக்குக்கு வரும்போதும் கையிருப்பு! டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் காதோரம் வைத்தார், பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். அறை மூலைக்குப் போய்ப் பின்பக்கம் நின்று இங்கிலீஷில் எண்களை முணுமுணுத்தார். பிள்ளை மலாயில் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், ஒன்றுகூடத் தப்பவில்லை.

"தூளை இன்றோடு நிறுத்த வேண்டும். பல்லைப் பிடுங்க வேண்டும். அடுத்த மாசம் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் கடிதம்."

இதை நான் மலாயில் சொன்னதும் பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. "இன்னும் ஒரு மாசமா? அதுக்குள்ள பஸ் போயிடும்."

மொழிபெயர்ப்பாளர் தன் பேச்சைப் பேசக் கூடாது என்பது விதி. நான் பேசினேன். "சார், இவரைச் செவிடர் என்று கம்பெனிக்கு எழுதியது நான். இவருக்குத் தமிழ் தெரியாது. நான் தமிழில் கேட்டேன். இவர் இப்போது பஸ் கழுவுகிறார்."

டாக்டர் கண்ணாடியை இறக்கி என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் எழுதினார்: கேட்கும் சக்தி போதுமானது, நான் மறுபடி பார்க்கும்வரை இவருடைய இடத்தை வேறு யாருக்கும் தர வேண்டாம். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. கழுவும் வேலை மட்டும் தொடர்ந்தது.

பல் அன்று மத்தியானமே போனது. கூட வந்திருந்த லெட்சுமி அக்கா ஒரு தோளையும் ஹமீது ஒரு தோளையும் பிடித்துக்கொண்டார்கள். டிரெஸ்ஸர் இடுக்கியைத் தூக்கியதும் பிள்ளை ஏழெட்டு சாமி பெயரைச் சொன்னார். எல்லாம் சுத்தத் தமிழ்.

"இவ்வளவு தமிழ் தெரிஞ்சுகொண்டோ அந்தப் பெடியனை ஏமாத்தினீர்?" என்றார் டிரெஸ்ஸர்.

6. கொசு

அதற்குப் பிறகு தினமும் யார்டு வழியாகப் போய் வந்தேன். மூன்றாம் நாள் சத்தம் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் 'கொஞ்சம் தூரமாப் போயிருக்கு' என்றார். இரண்டாம் வாரம் வலது காது சுத்தமாக அமைதியாகிவிட்டது. நான் ஒரு தாளில் நாள்வாரியாகக் குறித்துக்கொண்டேன். கேட்காமலே எழுதிய பாவத்துக்குக் கேட்டுக் கேட்டு எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முதல் வெள்ளி. டாக்டர் அறைக்கு வெளியே பிள்ளை என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"தம்பி, எல்லாம் போயிடுச்சுன்னு சொல்லிடு."

"போயிடுச்சா?"

"முக்கால்வாசி. இடது காதுல கொஞ்சம் இருக்கு. கொசு மாதிரி. அதைச் சொன்னா இன்னும் ஒரு மாசம் இழுப்பான். நீதானே என்னைச் செவிடாக்கினே? இப்ப எனக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அந்தக் கேள்வி சரியான இடத்தில் தைத்தது. ஒரு வார்த்தைதான். சொன்னால் திங்கட்கிழமை அவர் ஸ்டியரிங்கில் இருப்பார், என் தப்பும் தீர்ந்துவிடும். நின்று யோசித்தேன். உள்ளே பேர் கூப்பிட்டாகிவிட்டது.

"நீங்க என்ன சொல்றீங்களோ, அதைச் சொல்றேன். போச்சுன்னு நீங்க சொன்னா, போச்சுன்னு சொல்வேன். இருக்குன்னா இருக்கு. நானா ஒண்ணு சொல்ல மாட்டேன். அப்படி நானா எழுதினதாலதான் நீங்க பஸ் கழுவுறீங்க."

அவர் என் கையை உதறிவிட்டு உள்ளே போனார்.

"சத்தம் இப்போது எப்படி இருக்கிறது?" என்று டாக்டர் கேட்டார். நான் மலாயில் கேட்டேன். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் பொய் சொன்னாலும் நான் அதைச் சொல்லியாக வேண்டும்.

"இருக்கு" என்றார் பிள்ளை மலாயில். "சிக்கிட்." கொஞ்சம்.

"இருக்கிறது சார். கொஞ்சம். இடது காதில், கொசு போல" என்றேன்.

"பஸ்ஸில் இன்ஜின் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். முழங்காலுக்குப் பக்கத்துல."

டாக்டர் சிரித்துவிட்டார். "தூளின் சத்தம் போய்விட்டது. இது இன்ஜினின் சத்தம். பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் காதுக்குள் குடிவரத்தான் செய்யும். முழுக்கப் போகாமலே இருக்கலாம். இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டட்டும். வருஷம் ஒரு தடவை காட்டட்டும்." இசைக்கவைப் பரிசோதனை எல்லாம் மறுபடி செய்துவிட்டு, வண்டி ஓட்டத் தகுதியானவர் என்று கடிதம் எழுதினார்.

வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் உண்மையைச் சொன்னீர்கள் என்று.

"பொய் சொல்லியிருந்தா, இந்தக் கொசு பாடுறப்பல்லாம் அந்த வெள்ளைக்காரன் மூஞ்சி ஞாபகம் வரும். கொசுவோட இருந்துக்கலாம் தம்பி. அவனோட முடியாது."

7. மூன்றாவது வாக்கியம்

கடிதத்தோடு என் பழைய துண்டுச்சீட்டை ரத்து செய்கிற ஒரு சீட்டும் கம்பெனிக்குப் போக வேண்டும். நான் எழுதிக் கொண்டுபோய் டிரெஸ்ஸரிடம் நீட்டினேன். இந்தத் தடவை அவர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். மூன்று வாக்கியம் இருந்தது. 'இவருக்குக் காது கேட்கும். இவருக்குத் தமிழ் தெரியாது. என்ன மொழி என்று நான் கேட்கவில்லை.'

"மூண்டாவது வசனம் தேவையில்லைத் தம்பி. கம்பெனிக்கு அது என்னத்துக்கு?"

"இருக்கட்டும் ஐயா. முதல் சீட்டு ஏன் தப்பாப் போச்சுன்னு அதுலதான் இருக்கு."

அவர் பேனாவை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பிள்ளை புக்கிட் ரம்பாய் பஸ்ஸை எடுத்தார்.

புதிதாக வரும் தம்பிகளே, காது இரைச்சல் என்று வருகிற ஆளை டாக்டருக்குத் தயார் செய்யும்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு நிறுத்தாதீர்கள். காலையிலிருந்து வாயில் என்னென்ன போகிறது என்று கேளுங்கள். வீட்டு ஆள் யாராவது கூட வந்தால் அவரையும் கேளுங்கள். வந்தவர் சொல்கிற சத்தத்தை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், அது உங்களுக்குப் புரிகிறவரை கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் மொழியைக் கேளுங்கள். நேரடியாகக் கேட்டால் சிலர் ஜாதியைக் கேட்டதுபோல விறைத்துக்கொள்வார்கள், சிலர் நம்மைத் திருப்திப்படுத்த எதையாவது சொல்லிவிடுவார்கள். அதனால் நான் தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றிலும் ஒன்றைத்தான் கேட்கிறேன்: "வீட்டில் எந்தப் பாஷையில் சண்டை போடுவீர்கள்?"

இதுவரை ஒருவரும் பொய் சொன்னதில்லை.